சமூகப்பணியில் முதுகலைப் படிப்பு

மருத்துவராக வேண்டுமானால் படிக்க வேண்டும். வழக்கறிஞராக வேண்டுமானாலும் படிக்க வேண்டும். ஆனால் பிறருக்கு உதவுவதற்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலைப் பட்டம் உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படைகிறோம். "உதவி செய்ய நல்ல மனம் இருந்தால் போதாதா? அதற்கு எதற்கு இரண்டு ஆண்டுப் படிப்பு?" என்று நம் பெற்றோரும் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்னை தெரசாவை அறியாதவர் நம் பள்ளியில் இல்லை. 1948ஆம் ஆண்டு அவர் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்தபோது நேராகக் கல்கத்தாவின் சேரிக்குள் நுழைந்துவிடவில்லை. முதலில் பாட்னா சென்று, அங்கே அருட்சகோதரியர் நடத்திய மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் முறையைச் சில மாதங்கள் கற்றார். பிறகுதான் கல்கத்தா திரும்பி ஏழைகளிடையே பணியைத் தொடங்கினார். அத்தகைய அன்புள்ளத்துக்கே பயிற்சி தேவைப்பட்டது என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா!

தோழியரே, ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். செய்தி அறிந்தால் நாம் என்ன செய்வோம்? வகுப்பில் பணம் திரட்டுவோம். நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்கிக் கொடுப்போம். அவளும் பெற்றுக்கொள்வாள். மறுவாரம் மீண்டும் வரமாட்டாள். "எவ்வளவு செய்தும் பயனில்லையே!" என்று நாம் சலித்துக்கொள்வோம்.

சமூகப்பணி பயின்றவர் நோட்டுப் புத்தகத்துடன் போகமாட்டார். முதலில் அவள் வீட்டுக்குச் சென்று, அவளும் அவள் தாயும் சொல்வதைக் கேட்பார். தாய் பூ வியாபாரம் செய்பவர். விடிவதற்கு முன்பே சந்தைக்குப் புறப்பட வேண்டும். வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருக்கிறான். இதுவரை அவனைப் பார்த்துக்கொண்ட பாட்டி இறந்துவிட்டார். அங்கன்வாடியோ இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய சாலையின் மறுபுறம் இருக்கிறது. ஆக, சிறுமிக்கு வேண்டியிருந்தது புத்தகம் அன்று. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்!

இனிதான் படிப்பு கைகொடுக்கிறது. சமூகப்பணியில் மூன்று அடிப்படை முறைகளைக் கற்பிக்கிறார்கள். தனியொருவருடனும் அவர் குடும்பத்துடனும் அமர்ந்து சிக்கலை ஆராய்வது தனிநபர் பணி. தாயிடமும் மகளிடமும் பேசுவது இவ்வகை. ஒரே துன்பம் உடையவர்களைக் கூட்டி ஒருவருக்கொருவர் துணையாக்குவது குழுப்பணி. அதே தெருவில் காலையில் வேலைக்குச் செல்லும் தாய்மார் நான்கைந்து பேர் இருப்பர். அவர்கள் முறை வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வழி செய்யலாம். ஊரையே ஒன்றுசேர்த்து ஒரு தேவையை நிறைவு செய்துகொள்ளச் செய்வது சமுதாய அமைப்புப் பணி. தங்கள் தெருவுக்கு ஓர் அங்கன்வாடி வேண்டும் என்று அம்மக்களே மனு எழுதி அதிகாரியிடம் செல்வது இதில் அடங்கும். மனுவைச் சமூகப்பணியாளரே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை விரைவில் முடியும் அல்லவா? ஆனால் அப்படிச் செய்யலாகாது என்கிறார்கள். அவர் ஊரை விட்டுச் சென்ற பிறகும் அடுத்த மனுவை எழுத அங்கே ஆள் இருக்க வேண்டும்.

இவற்றோடு சமூகநல நிருவாகம், சமூகச் செயல்பாடு, சமூக ஆராய்ச்சி ஆகியனவும் பாடங்களாக உள்ளன. உளவியலும் சமூகவியலும் உண்டு. சட்டங்களும் அரசுத் திட்டங்களும் தெரிந்திருக்க வேண்டும். அங்கன்வாடித் திட்டம் 1975ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் நடந்து வருகிறது. ஆயினும் அதை எந்த அலுவலகத்தில், யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரியாத தாய்மார் பலர்.

பெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைக் குரு, சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைக் கற்பித்தவர். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், உதவுபவர் பின்பற்ற வேண்டிய ஏழு நெறிகளை வகுத்தார். இன்றும் நம் நாட்டு மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். வந்தவரைத் தீர்ப்பிடாமல் இருப்பது ஒரு நெறி. முடிவை அவரே எடுக்க விடுவது மற்றொன்று. அவர் சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பதும் அவற்றுள் ஒன்று. (நம்மில் சிலருக்கு இந்த ஒரு பாடத்துக்கே இரண்டாண்டு போதாது!) எங்களுக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது, முடிவை அவரிடமே விடுவதுதான். நல்லது எது என்று நமக்குத் தெரிந்திருக்கும்போது வாய் சும்மா இருக்குமா?

இனி இப்படிப்பு வந்த வரலாற்றைச் சிறிது காண்போம். 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி தம் தோழியுடன் சிகாகோ நகரில் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் தொடங்கி, அங்கேயே குடியிருந்து பணி செய்தார். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில், பம்பாய் நாக்பாடாவில் உழைப்பாளி மக்களிடையே பணியாற்றிய கிளிபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர், 1936ஆம் ஆண்டு சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளியின் முதல் இயக்குநரானார். அதுவே பிற்காலத்தில் டாடா சமூக அறிவியல் கழகம் ஆயிற்று. சென்னையில் 1952ஆம் ஆண்டு சமூகப்பணிப் பள்ளியை நிறுவியவர் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்தே தொண்டில் ஈடுபட்டிருந்த அவர், தொண்டுக்கும் பயிற்சி வேண்டும் என்று கருதி ஒரு பள்ளியையே அமைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

குழந்தைகள் ஆபத்தில் அழைக்கும் 1098 என்ற எண் நமக்கெல்லாம் தெரியும். அது 1996ஆம் ஆண்டு அந்த டாடா கழகத்தின் களச் செயல்திட்டமாகத்தான் பம்பாயில் பிறந்தது.

முதுகலைப் படிப்புக்கு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். இதில் களப்பணியே உயிர்நாடி. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாட்கள் வகுப்பு கிடையாது. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொண்டு நிறுவனம் என ஏதேனும் ஓரிடத்துக்குச் செல்ல வேண்டும். அன்று கண்டதையும் கேட்டதையும் அறிக்கையாக எழுதி, ஆசிரியரிடம் தனியே அமர்ந்து விவாதிக்க வேண்டும். "அந்தத் தாய் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்பன போன்ற கேள்விகள் அங்கே வரும். கணக்குப் பாடத்தில் தவறினால் மதிப்பெண் குறையும். இங்கே தவறினால் எதிரே இருப்பவர் மனம் புண்படும். ஆகவேதான் மேற்பார்வை இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. கிராம முகாமும் உண்டு, இறுதியில் தொடர்ந்து சில வாரங்கள் ஒரே நிறுவனத்தில் பயிற்சியும் உண்டு.

பெண் பிள்ளையைத் தனியே குடிசைப் பகுதிக்கு அனுப்புவதா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. மாணவியர் அங்கே ஏற்கெனவே பணியாற்றும் நிறுவனத்தின் மூலமாகவே செல்கின்றனர் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம்.

அடுத்து வருவது சம்பளக் கேள்வி. இதில் மறைக்க ஒன்றுமில்லை. தொண்டு நிறுவனங்களில் ஊதியம் குறைவு. தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் கூடுதலாகக் கிடைக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரை அமர்த்த வேண்டும் என்று விதித்தது. அன்று முதலே சமூகப்பணி படித்தவர் பலர் ஆலைகளுக்குச் சென்றனர். ஏழைகளுக்காகப் படித்துவிட்டு ஆலைக்குப் போகலாமா என்று சிலர் குறை கூறுவர். நாங்கள் அப்படி எண்ணவில்லை. ஆலையில் வேலை செய்பவரும் மனிதர்தாமே! அங்கே கழிப்பறை, குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசவும் ஒருவர் வேண்டும்.

மருத்துவமனைப் பணியும் உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தாரிடம் உறுப்புத் தானம் பற்றிப் பேசும் ஒருங்கிணைப்பாளர்களில் சமூகப்பணி படித்தவர்கள் இருக்கின்றனர். அந்த வேளையில் எந்தச் சொல்லால் பேச்சைத் தொடங்குவது? நல்ல மனம் மட்டும் உடைய நாம் அங்கே நின்றால் உடன் சேர்ந்து அழுவோம், அல்லது ஓடிவிடுவோம். மனநலத் துறையில் இன்னும் கண்டிப்பு அதிகம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மனநல சமூகப்பணியாளர் என்று ஒருவர் பெயர் பெற, சமூகப்பணி முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. அதன் பின் அத்துறையில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றிருக்க வேண்டும்.

இறுதித் தேர்வு எழுதப் போகும் எங்கள் வகுப்புத் தோழியருக்கு ஒரு செய்தி. இப்படிப்பில் சேர ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும். ஆகவே மேல்நிலையில் அறிவியல் பிரிவு கிடைக்கவில்லையே என்று யாரும் கலங்க வேண்டாம். இளநிலையிலேயே சமூகப்பணி கற்பிக்கும் கல்லூரிகளும் உள்ளன. மேல்நிலை இரண்டு, பட்டம் மூன்று, முதுகலை இரண்டு என இன்றிலிருந்து ஏழு ஆண்டுகள். களப்பணி அறிக்கைகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். பூ விற்கும் அம்மாவிடம் பேசப் போவதோ தமிழில். ஆதலால் இரண்டு மொழிப் பாடங்களையும் இப்போதே கவனமாகப் படிக்கத் தொடங்கலாம்.