பட்டியலை நம்பாதே

அன்புள்ள யாழினி,

"முக்கிய நிலையங்களுக்கு மதிப்பெண் போட்டு, மேலிருந்து வரிசையாகக் காவல் வைத்தால் போதாதா ஐயா?" என்று கேட்டிருந்தாய். பெரிய அதிகாரிகளே அப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் எரிச்சல்.

1955-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துக்காக ஹாரிஸ் என்ற கணிதரும், ராஸ் என்ற ஓய்வுபெற்ற ஜெனரலும் சோவியத் ரயில்பாதைகளை 44 முனைகள், 105 இணைப்புகள் கொண்ட வலையாக வரைந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவுக்கு அதிகபட்சம் 1,63,000 டன் சரக்கு போகும் என்று கணக்கு வந்தது. எந்தப் பாதை பெரியது என்பதல்ல அவர்கள் கேள்வி. எந்தப் பாதைகளைச் சேர்த்து அறுத்தால் எல்லாம் நிற்கும் என்பது. அப்படி அறுக்க வேண்டிய மிகச் சிறிய தொகுப்பின் கொள்ளளவும் அதே 1,63,000. இந்த இரண்டு அளவுகளும் எப்போதும் சமம் என்று நீ தேர்வில் எழுதிய ஃபோர்டு-ஃபல்கர்சன் தேற்றத்துக்கு விதை போட்டது இந்தக் கேள்விதான். ஹாரிஸ், ராஸ் எழுதிய அறிக்கை 1999 வரை ரகசியம். ஸ்க்ரைவர் என்ற டச்சுக் கணிதர் கேட்டுத்தான் வெளிவந்தது. அவர் எழுதிய வரலாற்றுக் கட்டுரையைத் தேடிப் படி. பாடநூலைவிடப் பயன்படும்.

சரி, உன் பட்டியலுக்கு வருவோம். ஓர் ஊருக்கு 100 பங்கு தண்ணீர். க, ச என்ற இரு நீரேற்று நிலையங்கள் தலா 50 அனுப்புகின்றன. ஒவ்வொன்றிலும் 30 பங்கு ம என்ற தொட்டி வழியாகவும், 20 பங்கு தனிக் குழாயிலும் போகிறது. குழாய்களில் அதற்குமேல் இடமில்லை. தனியாகத் தாக்கினால் ம விழும்போது இழப்பு 60. க-வோ ச-வோ விழுந்தால் 50. உன் பட்டியல் ம-வைக் காக்கச் சொல்லும். எதிரியால் இரண்டு இடங்களைத் தாக்க முடியுமென்றால்? க, ச இரண்டையும் அடிப்பான். ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. க-வைப் பாதுகாத்திருந்தால் எவ்வளவு கெட்டிக்காரனாலும் 80-க்கு மேல் கெடுக்க முடியாது.

நிகழ்தகவையும் இழப்பையும் பெருக்கிவிடலாம் என்று வாதாடாதே. புயல் உன் காவலைப் பார்த்துத் திசை மாற்றாது; எதிரி மாற்றுவான். அதனால்தான் மான்டெரேயிலுள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைப் பள்ளியின் பிரவுன், வுட் முதலானோர் மூன்றடுக்காக எழுதினார்கள்: முதலில் நாம் காக்கிறோம், அதைப் பார்த்து அவன் தாக்குகிறான், மிஞ்சியதை வைத்து நாம் இயக்குகிறோம். சிறுமம், பெருமம், மீண்டும் சிறுமம். கணினிக்குக் கடினம்தான், கடினம் என்பதற்காகத் தவறான கணக்கைப் போடலாமா?

இரண்டு காவல் இருந்தால் எங்கே வைப்பாய்? எதிரிக்கும் இரண்டு அடி. தனிக் குழாய்களையும் அவன் உடைக்கலாம். க, ச என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. எல்லா இணைகளையும் போட்டுப் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்