நம்மிடம் வேலை செய்வோர்

தொழுகையில் முதலாளியும் சிப்பந்தியும் ஒரே ஸஃப்பில் தோள் சேர நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்துக் கடைக்குத் திரும்பியதும் ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர் இரவு வரை நின்றுகொண்டிருக்கிறார். பள்ளிவாசலில் கற்ற பாடம் கடைவாசலில் மறந்துபோகலாமா?

அபூதர் (ரலி) அவர்கள் ஒரு சமயம் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார்கள். அறியாமைக் காலத்துக் குணம் அவரிடம் இன்னும் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்கும் கொடுக்கவேண்டும் என்றும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்றும் போதித்தார்கள். பின்னாளில் ரபதா என்னும் ஊரில் அபூதர் (ரலி) அவர்களும் அவர்களுடைய அடிமையும் ஒரே விதமான உடை அணிந்திருப்பதைக் கண்டு ஒருவர் காரணம் கேட்டார். அதற்கு மறுமொழியாகவே இந்த வரலாற்றை அவர்கள் எடுத்துரைத்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வந்துள்ளது.

உடை சிறிய விஷயமன்று. நமது குழித்துறை 1949 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்த ராஜ்யத்தில் யார் எதை உடுக்கலாம் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. நாடார் பெண்கள் பல்லாண்டுகள் போராடிய பின்னர், 1859 இல்தான் மார்பை மறைக்க அனுமதி கிடைத்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. எஜமானரும் அடிமையும் ஒரே உடை உடுத்தியதன் பெருமை இந்த மண்ணில் வாழும் நமக்கு நன்கு விளங்கும்.

இன்று உடையில் அத்தடை இல்லை. உட்காருவதில் பேதம் இருக்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் பெண்களின் துன்பத்தைக் கண்டு, பணியாளருக்கு இருக்கை வேண்டுமெனக் கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் சட்டம் திருத்தின. உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமரவைக்கும்படியும், இயலாவிடில் ஓரிரு கவளமாவது கொடுக்கும்படியும், அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் என்றோ சொல்லிவிட்டார்கள். சட்டம் வந்துதானா நாம் விழிக்கவேண்டும்?

வாடிக்கையாளர் முன் சிப்பந்தி உட்காருவது மரியாதையா எனச் சிலர் கேட்பர். வியாபாரம் இல்லாத வேளையில் அமரத்தான் சட்டம் இடம் தருகிறது. இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வேலை செய்பவர் மாற்று மதத்தவராயின் இக்கடமை குறையுமா? குறையாது. முஆத் (ரலி) அவர்களை வேதக்காரர்கள் வாழ்ந்த யமனுக்கு அனுப்பியபோது, அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனையை அஞ்சுமாறும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

ஆகவே கடையும் தொழிலும் நடத்துவோர் மூன்றைக் கவனிப்பார்களாக! பணியாளருக்கு ஓர் இருக்கை வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும். இதற்கு 1976 இலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. யாரையும் பிறப்பைச் சொல்லி ஏசலாகாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.