சூதும் ஞான சௌபடும்

மயிலாப்பூர் இல்லங்களில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்பெறும் பரமபத ஆட்டத்தை நாம் அறிவோம். வடநாட்டுச் சமணரிடையே வழங்கிய ஞான சௌபட் அதன் உடன்பிறப்பாகும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் துணியிலும் தாளிலும் தீட்டப்பெற்ற அப்படங்களில் பெரும்பாலும் 84 கட்டங்கள். உச்சியில் சித்தர் உறையும் சித்தசிலை.

ஏழு வியசனங்களுள் சூதை வைத்து விலக்கிய சமயத்தார் கவறு உருட்டலாமோ எனின், பணயம் இன்மையின் இது சூதன்று. ஏணி நல்வினை, பாம்பு தீவினை. உச்சியை நெருங்கியவரையும் பாம்பு தீண்டும். பதினோராம் குணஸ்தானத்தை எய்திய உயிரும், அடங்கிய மோகம் மீண்டெழ, கீழிறங்குவதை ஈண்டு நினைக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்ற இவ்வாட்டம், நாளடைவில் கட்டங்களின் பெயர்களை இழந்து வெறும் எண்களோடு நின்றது. தியாகராய நகர்க் கடைகளில் நம் சிறார்க்கு வாங்குவது அதனையே.