முதலில் வாலைக் கவனி



புது ஹெலிகாப்டர் கைக்கு வந்ததும் பறக்கவிடத் துடிப்பாய். அதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அதன் வாலுக்காக ஒதுக்கு. ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் பழகுபவர்களைத் தொடக்கத்தில் படாதபாடு படுத்துவது வால்தான்.

மேல் சுழலி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். 1939இல் இகோர் சிகோர்ஸ்கி தரையிலிருந்து கிளப்பிய விஎஸ்-300இன் வாலில் செங்குத்தாக ஒரு சிறு சுழலி இருந்தது இதனால்தான். மாதிரி ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் மேல் சுழலி வலஞ்சுழியாகச் சுற்றும். மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வால் சுழலி அதை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். த்ராட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தத் தள்ளும் விசையும் கூடிக் குறைய வேண்டும். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970களில் தன் மாதிரி ஹெலிகாப்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஓட்டுபவரின் கட்டைவிரலுக்குத்தான் இந்த வேலை. பின்னர் சக்கரம் சுழலும் ஜைரோ வந்தது. இன்று நகத்தளவுச் சில்லு ஒன்று அதைச் செய்கிறது.

ஆனால், இயந்திர வேலையில் உள்ள குறையை ஜைரோ சரிசெய்துவிடும் என்று நம்பாதே. வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்லைடர் தண்டின் மேல் தடையில்லாமல் ஓட வேண்டும். ஸ்லைடரைக் கம்பியால் நகர்த்தும் சிறு மோட்டாரான சர்வோவிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றி விரலால் தள்ளிப் பார். எங்காவது சிக்கினால் கம்பி நுனியிலுள்ள பால் லிங்க் இறுக்கமாக இருக்கும், அல்லது கம்பி வளைந்திருக்கும். அதைத் தீர்க்காமல் மேலே போகாதே. அடுத்து, சர்வோ நடுவில் நிற்கும்போது அதன் கை கம்பிக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் இருக்கட்டும். ஜைரோவை மோட்டாரிலிருந்து தள்ளி, அதிர்வு தாங்கும் இருபக்க டேப்பில் ஒட்டு. சர்வோ அனலாக்கா டிஜிட்டலா என்பதையும் பார்த்துக்கொள். ஃபுட்டாபா ஜிஒய்401 போன்ற ஜைரோவில் டிஜிட்டலுக்கான சுவிட்சைப் போட்டுவிட்டு அனலாக் சர்வோவை மாட்டினால் சர்வோ கெட்டுவிடும்.

இனி திசை. மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு பேட்டரியை இணை. ஜைரோ தயாராகும்வரை சில விநாடி ஹெலிகாப்டரை அசைக்காதே. வாலைத் திருப்பும் ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, ஸ்லைடர் எந்தப் பக்கம் போகிறதென்று மனதில் வை. ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பு. ஸ்லைடர் முன்பு ஸ்டிக்குக்குப் போன அதே பக்கம் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் ஜைரோவின் ரிவர்ஸ் சுவிட்சை மாற்று. ஜைரோவின் திசை தலைகீழாக இருந்தால், தரையை விட்டு எழுந்த கணமே ஹெலிகாப்டர் தன்னைத்தானே வெறிகொண்டு சுற்றும். ஸ்டிக்கால் அடக்க முடியாது. அது எவ்வளவு ஆபத்து என்று பார்: 450 அளவு ஹெலிகாப்டரின் 325 மில்லிமீட்டர் பிளேடுகள் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடும்போது அவற்றின் நுனி மணிக்கு 370 கிலோமீட்டருக்கும் மேல் பாய்கிறது. இந்தச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதே.

முதல் ஹோவரை, அதாவது ஒரே இடத்தில் மிதப்பதை, ஜைரோவின் ரேட் மோடில் செய். அதில் ஜைரோ திடீர்த் திருப்பத்தை எதிர்க்கும், மூக்கைப் பழைய திசைக்குக் கொண்டுவராது. மூக்கின் திசையைப் பிடித்து வைக்கும் ஹெட்டிங் ஹோல்டில் பறந்தால் ஜைரோ தானே கோணத்தைத் திருத்தி, கம்பியின் நீளத்தில் உள்ள பிழையை மறைத்துவிடும். ரேட் மோடில் அது அப்படியே தெரியும். மூக்கு இடப்பக்கம் நழுவினால் வால் பிளேடுகளுக்குக் கோணம் போதவில்லை. டிரான்ஸ்மிட்டரின் ட்ரிம்மைத் தொடாமல், தரையிறக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகு, பால் லிங்க்கை ஓரிரு திருகு திருப்பிக் கம்பியின் நீளத்தை மாற்று. ரட்டர் ஸ்டிக்கைத் தொடாவிட்டாலும் மூக்கு ஏறக்குறைய நேராக நின்ற பிறகே ஹெட்டிங் ஹோல்டுக்குப் போ. த்ராட்டிலோடு சேர்த்து வாலின் கோணத்தையும் மாற்றும் ரெவல்யூஷன் மிக்ஸிங் டிரான்ஸ்மிட்டரில் இருந்தால் அப்போது அணைத்துவிடு. இரண்டும் சேர்ந்தால் வால் தானாகத் திரும்பும்.

மிஞ்சியிருப்பது கெயின், அதாவது ஜைரோ எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்ற அளவு. சிறிது சிறிதாக ஏற்று. வால் இருபுறமும் படபடவென்று ஆடத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து ஆட்டம் நிற்கும்வரை குறை. காற்றடிக்கும் நாளில் வேகமாகப் போகும்போது மறுபடி ஆடினால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். உன் ஹெலிகாப்டரில் கெயின் எத்தனை சதவீதத்தில் நின்றது, ரேட் மோடில் கம்பியை எவ்வளவு மாற்றினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.