தொழில் மாறலாம், இடம் நிலைக்கும்

வியாபாரம் படுத்துவிட்டால் கடையையும் சேர்த்து விற்றுவிடுவது நம்மவர்களிடம் காணப்படும் வழக்கம். தொழில் வேறு, இடம் வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. லண்டனில் உள்ள பழைய நாடக அரங்கு ஒன்றின் வரலாறு இதற்கு நல்ல படிப்பினையாகும்.

1900 டிசம்பரில் லண்டன் நகரில் கேம்டன் தியேட்டர் திறக்கப்பட்டது. அன்றைய பிரபல நடிகை எலன் டெரி அதனைத் திறந்து வைத்தார். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அமரக்கூடிய மண்டபம் அது. நாடகத்துக்கு மவுசு குறையவே பல்சுவை நிகழ்ச்சிகளும் பின்னர் சினிமாவும் வந்தன. உலகப் போரின்போது 1940இல் மூடப்பட்டது. 1945 முதல் 1972 வரை பிபிசி வானொலி அங்கு நிகழ்ச்சிகளை ஒலிப்பதிவு செய்தது. 1977இல் இசை அரங்காகவும், 1982இல் கேம்டன் பெலஸ் என்ற இரவு விடுதியாகவும் மாறியது. 2004 முதல் கோகோ என்ற பெயரில் இயங்குகிறது.

இரவு விடுதி நமக்கு ஆகுமான தொழிலல்ல. நாம் பார்க்க வேண்டியது கட்டடத்தையே. மேடை, மாடி இருக்கைகள், பெரிய மண்டபம், எதிரே 1907இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் நிலையம் ஆகிய அனைத்தும் கூட்டம் கூடுவதற்கு ஏற்றவை. வானொலி அந்த இருக்கைகளைப் பயன்படுத்தியது. இசைக் குழுக்கள் அந்த மேடையைப் பயன்படுத்தின. சரக்குத்தான் மாறியது, சனம் வரும் வழி மாறவில்லை.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. உதிரிப்பாகம் வாங்க மருதானை பஞ்சிகாவத்தைக்குப் போகும் வியாபாரிகள் டவர் மண்டபத்தைக் கண்டிருப்பார்கள். 1911இல் சிங்கள நாடகத்துக்கெனத் திறக்கப்பட்ட அது, நாடகம் நலிந்தபோது படமாளிகையானது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு 1978இல் மீண்டும் நாடக அரங்கானது. இடித்திருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது.

எங்கள் பட்டிப்பொல பாதையால் ஹோட்டன் சமவெளிக்குப் பயணிகள் விடியுமுன்னரே செல்கிறார்கள். பசளையும் விதையும் விற்ற கடைக்கு அந்தப் பாதையே மூலதனம். ஆகவே, கடையை விற்குமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, நின்றுபோனது உங்கள் சரக்கின் கேள்வியா, அல்லது கடை வாசலால் போகும் ஆள் நடமாட்டமா? சரக்கின் கேள்வி என்றால் தொழிலை மாற்றுங்கள். நடமாட்டமே நின்றிருந்தால்தான் இடத்தை மாற்ற வேண்டும்.

இரண்டு, வாடகைக் கடையாயின் ஒப்பந்தம் வேறு தொழிலுக்கு இடம் தருகிறதா எனப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவையும், பிரதேச சபையில் அனுமதிப்பத்திரத்தையும் புதிய தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று, திருத்த வேலை நடக்கும் காலமே ஆபத்தான காலம். கோகோ அரங்கில் 2020 ஜனவரியில் புனரமைப்பு வேலையின்போது தீப்பற்றிக் கூரைக் கோபுரம் எரிந்தது. மீண்டும் திறக்க 2022 ஏப்ரல் ஆனது. எனவே வேலை தொடங்குமுன், திருத்த காலத்துக்கும் உங்கள் தகாபுல் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாப்பாமார் தேடி வைத்த கடையை ஒரு கெட்ட வருடத்துக்காகக் கைவிட வேண்டாம். விற்பது ஒரு நாள் வேலை. அதே இடத்தைத் திரும்ப வாங்குவதோ பெரும்பாலும் நடக்காத காரியம்.