வீடே கடையானால்: எது முதலில்?

எல்லாப் புகழும் அகிலத்தின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

அன்பிற்குரிய சகோதரர்களே! பெண்கள் பகுதியில் அமர்ந்திருக்கும் சகோதரிகளே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன்.

இன்று நம் தெருக்களில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் கடைகள் நடக்கின்றன. ஒரு வீட்டில் அபாயா தைக்கிறார்கள். அடுத்த வீட்டில் மசாலாப் பொடி அரைக்கிறார்கள். இன்னொரு வீட்டில் கேக். போர்டு கிடையாது, ஷட்டர் கிடையாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் பக்கமும்தான் கடை. ஷட்டர் இல்லை என்பதில்தான் இன்றைய பேச்சே இருக்கிறது. பஜாரில் கடை வைத்திருப்பவர் இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வீடே கடையாக இருப்பவர் எப்போது வீட்டுக்கு வருவார்?

வியாபாரம் குறையல்ல

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்கள் சம்பாதிப்பதைக் குறை சொல்ல இந்த உரை வரவில்லை. நம் தாய் கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் வியாபாரக் குழுக்களுக்கு முதலீடு செய்தவர்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அதில் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தவர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவழிப்பது தர்மமாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டனுப்பினார்கள். அதற்கு இரண்டு கூலிகள் உண்டு என்று பதில் வந்தது: உறவைப் பேணிய கூலி, தர்மம் செய்த கூலி.

ஆகவே கேள்வி, வியாபாரம் செய்யலாமா என்பதல்ல. எதற்குப் பின்னால் அதை வைப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு குழந்தை கேட்ட கேள்வி

ஒரு சகோதரர் என்னிடம் வந்து சொன்னார். ஊர் பேர் சொல்லாமல் சொல்வதற்கு அனுமதியும் தந்தார். வளைகுடாவில் அவருக்கு வேலை போனது. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் சும்மா இருந்தார். மனைவி தையல் மிஷினை எடுத்தார். அல்லாஹ் பரக்கத் செய்தான். வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதில்தான் ஓடியது. ரமளான் வந்தது, ஆர்டர் குவிந்தது. கடைசிப் பத்து இரவுகளும் மிஷினிலும் போனிலுமே கழிந்தன. ஒருநாள் ஏழு வயது மகள் ஏதோ கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னாளாம்: "உம்மா, நானும் வாட்ஸ்அப்ல மெசேஜ் போடவா? அப்பத்தான் பதில் சொல்வீங்களா?"

சொல்லும்போது அவர் அழுதார். "ஹஜ்ரத், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், அவள் ஓடினாள்" என்றார். இந்த வார்த்தையை ஆண்கள் மனதில் வையுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

முதலாவது: அல்லாஹ்வின் ஹக்

ஜும்ஆவின் பாங்கு சொல்லப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவன் அருளைத் தேடச் சொல்வதும் அதே சூராதான். வரிசையைக் கவனியுங்கள். தேடலைத் தடுக்கவில்லை, முறைப்படுத்துகிறான். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு லைவ் போட்டு விற்கும் சகோதரர் தம் கடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பள்ளியைத் தவறவிடுகிறார். கடை போனுக்குள் இருப்பதால் சட்டம் மாறிவிடாது.

பெண்களுக்கு ஜும்ஆ கடமையல்ல. ஆனால் ஐந்து வேளைக்கும் நேரம் உண்டு. அஸரும் மஃரிபும்தான் அதிகம் நழுவுகின்றன, கூரியர்காரர் வரும் நேரம் அது. "இந்த ஒரு பார்சலை ஒட்டிவிட்டு எழுந்திருக்கிறேன்" என்பதில்தான் வக்து போகிறது. பார்சலுக்காகக் கூரியர் பத்து நிமிடம் காத்திருக்கும். சூரியன் காத்திருக்காது.

இரண்டாவது: வீட்டாரின் ஹக்

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். அவர்களின் வீட்டுக்குப் போன ஸல்மான் (ரலி) அவர்கள், அங்கே மனைவி தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் வாடியிருப்பதைக் கண்டார்கள். அபூதர்தாவைச் சாப்பிட வைத்தார்கள், தூங்க வைத்தார்கள், இரவின் கடைசியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கு ஒரு ஹக் உண்டு, உம் உடலுக்கு ஒரு ஹக் உண்டு, உம் குடும்பத்துக்கு ஒரு ஹக் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள்.

சகோதரர்களே, உபரியான வணக்கமே குடும்பத்தின் ஹக்கைத் தின்னக் கூடாது என்றால், ஆர்டர் தின்னலாமா?

ஆகவே ஷட்டர் இல்லாத கடைக்கு நாமே ஷட்டர் போட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைக் குறித்து வைக்கலாம். மற்ற நேரத்தில் வருவோருக்குத் தானாகப் பதில் போகவும் வசதி உண்டு. "மஃரிபுக்குப் பிறகு பதில் தர இயலாது, நாளை காலை பேசுகிறேன்" என்று போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை உருப்படி தைக்க முடியுமோ அத்தனைக்கே ஆர்டர் எடுங்கள். ரமளான் ஆர்டரை முதல் பத்தோடு நிறுத்திவிடுங்கள். சில வாடிக்கையாளர் போவார்கள். ரிஸ்க் அவர்களிடம் இல்லை, அர்ரஸ்ஸாக்கிடம் இருக்கிறது.

இப்போது ஆண்களே, உங்களிடம் வருகிறேன். மனைவி சம்பாதித்தது அவருடைய சொத்து. அவர் மனமுவந்து தந்தால் உங்களுக்கு ஹலால், வற்புறுத்தி எடுத்தால் இல்லை. குடும்பச் செலவு உங்கள் கடமை. அவர் உதவுகிறார் என்றால் அது அவர் செய்யும் நன்மை. அந்த நன்மைக்கு ஈடாகப் பாத்திரம் கழுவுங்கள், பார்சல் கட்டுங்கள், பிள்ளைக்கு ஓதிக்கொடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

மூன்றாவது: வாங்குபவரின் ஹக்

இங்கேதான் ஆன்லைன் வியாபாரத்தில் அதிகம் சறுக்குகிறோம். நான்கு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, போட்டோ. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் விற்றவர். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்தார்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள். ஃபில்டர் போட்டுத் துணியின் நிறத்தைக் கூட்டிக் காட்டுவது, அந்த ஈரத்தை மறைப்பதுதான்.

இரண்டு, பொய்யான அவசரம். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடும் ஆளைச் சந்தையில் நிறுத்துவதற்கு நஜ்ஷ் என்று பெயர், அது தடுக்கப்பட்டது. சொந்தக்காரர்களை வைத்து ரிவ்யூ எழுதுவதும், அலமாரி நிறைய வைத்துக்கொண்டு "இரண்டே பீஸ்" என்பதும் அதன் தங்கைகள்.

மூன்று, கையில் இல்லாததை விற்பது. மொத்த வியாபாரியின் குரூப்பிலிருந்து போட்டோவை எடுத்து, விலையைக் கூட்டித் தம் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் ஏறத்தாழ இதையேதான் கேட்டார்கள்: என்னிடம் இல்லாத பொருளை ஒருவர் கேட்கிறார், விற்றுவிட்டுச் சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று. உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்று நபி (ஸல்) தடுத்தார்கள். வழி அடைபடவில்லை. மொத்த வியாபாரியிடம் பேசி அவருடைய ஏஜென்டாகக் கமிஷனுக்கு விற்கலாம். அல்லது விருப்பத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, பொருளை வாங்கிக் கைக்கு வந்த பிறகு விற்கலாம். அளவு வாங்கித் தைத்துக் கொடுப்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. உங்கள் வியாபாரம் எந்த வகை என்று ஆலிமிடம் விவரமாகக் கேளுங்கள்.

நான்கு, ரிட்டர்ன். "ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்ச் இல்லை" என்று எழுதி வைக்கிறோம். மோசடியிலிருந்து தற்காத்துக்கொள்வது தவறல்ல. ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த அறிவிப்பு மறுமையில் கேடயமாகாது. வாங்கியதற்கு வருந்தி நிற்பவரின் கொடுக்கல் வாங்கலை ரத்து செய்து கொடுப்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தியும் இருக்கிறது.

உணவு விற்பவர்கள் அரசின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவையும் செய்துகொள்ளுங்கள். அடுத்தவர் வயிற்றுக்குள் போகும் பொருள் அமானிதம்.

நான்காவதாகத்தான் வளர்ச்சி

இவற்றுக்குப் பிறகுதான் பெரிய மிஷின், கூடுதல் சரக்கு, விளம்பரம் எல்லாம். அதற்காக லோன் ஆப்பில் வட்டிக்கு வாங்காதீர்கள். மெதுவாக வளரும் ஹலாலில்தான் பரக்கத் இருக்கிறது. கணக்கு எழுதுங்கள். ஜகாத் கடமையாகும் அளவு இருந்து ஆண்டு நிறைவானால், விற்க வைத்திருக்கும் சரக்கின் அன்றைய மதிப்பையும் கையிலுள்ள பணத்தையும் கூட்டி நாற்பதில் ஒரு பங்கைக் கொடுங்கள். தையல் மிஷினுக்கு ஜகாத் இல்லை, விற்கக் காத்திருக்கும் துணிக்கு உண்டு.

அந்தச் சகோதரரின் வீட்டில் இப்போது இரவு ஏழு மணிக்கு மேல் வியாபாரப் போன் அலமாரிக்குள் போய்விடுகிறது. பார்சல் கட்டுவது அவர் வேலை. வருமானம் சற்றுக் குறைந்தது என்றார். "மகள் மெசேஜ் போட வேண்டியதில்லை ஹஜ்ரத்" என்றும் சொன்னார்.

இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: நம் கடையின் ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்கும்?

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் நடக்கும் வியாபாரங்களை ஹலாலாக்கி, அவற்றில் பரக்கத் செய்வாயாக! எங்கள் சம்பாத்தியம் உன் நினைவை விட்டும், எங்கள் பிள்ளைகளை விட்டும் எங்களைத் திருப்பிவிடாமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.