கொட்டகையில் பழைய ஹெரால்டு நிற்கிறதா?

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருங்கிய சொந்தம். செஞ்சி, வல்லம் பக்கம் அப்படி ஒன்று வருடக்கணக்கில் நின்றுகொண்டிருந்தால்:

1. உடனே சாவி போடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, மறுநாள் கையால் சுற்றிப் பாருங்கள். ஒட்டிப்போன பிஸ்டன் ரிங், செல்ஃப் அடித்தால் உடையலாம்.

2. பெயின்ட் கடைசியில். முதலில் அடியில் படுத்து, சேசிஸைச் சுத்தியலால் தட்டுங்கள். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். இதில் பாடி தனி, சேசிஸ் தனி. பளபளப்பு எதையும் தாங்கிப் பிடிக்காது.

3. முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான டிரனியனுக்கு ஈ.பி. 90 கியர் ஆயில் மட்டும் விடுங்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது; தேய்ந்து முறிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கும். "கிரீஸே போதும் சார்" என்பார் மெக்கானிக். விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் கெட்டுக் கசியும்.

5. எலி கடித்த வயருக்கு டேப் சுற்றாதீர்கள், மாற்றுங்கள். உள்ளே பச்சை பூத்திருக்கும்.

6. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் ஏற்றாதீர்கள். சூடான சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கும்.

7. தினமும் ஓட்டுவதென்றால் விண்டேஜ் பதிவு வேண்டாம். 50 வயது தாண்டிய கார்களுக்கான 2021 விதி, அன்றாடப் பயணத்தை அனுமதிக்காது.